சீனாக்காரருக்குக் கட்டிய பச்சைத் தலைப்பாகை

பாப்பா, தம்பி, இது உங்கள் இரண்டு பேருக்கும்.

பாப்பா, நீதான் இதை ஆரம்பித்து வைத்தாய். இங்கிலீஷ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இங்கிலீஷ்காரங்க பொறாமைப்பட்டா பச்சையா ஆயிடுவாங்களாமே, நிஜமா?" என்று கேட்டாய். தம்பி உடனே உன் புது ஜாமெட்ரி பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பொறாமைப்பட்டுப் பார்த்தான். "ஒண்ணும் ஆகலப்பா. அதே கறுப்புதான்" என்று ஏமாற்றத்தோடு வந்து சொன்னான்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. நான் ஐ.டி.ஐ. படித்தவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மெஷின் மேல் ஒட்டியிருக்கிற இங்கிலீஷ்தான். ஆனால் பச்சை நிறத்திடம் மாட்டிக்கொண்டு முழித்த ஆள் இந்த மேனாம்பேட்டில் அநேகமாக நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

இதில் ஓர் இடம் கொஞ்சம் பெரியவர்கள் சமாச்சாரம். எழுதலாமா என்று உங்கள் அம்மாவைக் கேட்டேன். "டிவியில பார்க்காததையா நீங்க எழுதிடப் போறீங்க? எழுதுங்க. ஆனா என்னைப் பத்தி நல்லவிதமா எழுதணும்" என்றாள். முயற்சி செய்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் பக்கெட், மக், குடம் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுக் குளியலறையில் இருப்பதெல்லாம் ஓரம் லேசாகக் கோணிப்போய், முதலாளி "எடுத்துட்டுப் போங்கப்பா" என்று கொடுத்தவை. போன வருஷம் எங்களுக்குச் சீனாவிலிருந்து ஒரு புது மெஷின் வந்தது. பெரிய பெரிய மரப்பெட்டிகளில், துண்டு துண்டாக. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட அந்த மெஷின் கம்பெனியிலிருந்து ஒருவரும் வந்தார். மெலிந்த உடம்பு, சிரித்த முகம், என்னைவிட வயதில் சின்னவர். எங்களுக்கு அவர் "சீனாக்காரர்". அவருக்கு நான் "சூப்பர்". சூப்பர்வைசர் என்பதில் அவருக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டார்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. நடுவில் இருந்தது அவருடைய போன். அவர் அதில் பேசுவார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் தமிழில் சொல்லும். அந்த மாதிரித் தமிழை நான் பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் கேட்டதே இல்லை. "தயவுசெய்து அந்தச் சுத்தியலை என்னிடம் வழங்குங்கள்" என்று முதல் நாள் அது கேட்டபோது, எங்கள் ஃபிட்டர் மாமா கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, நியூஸ் வாசிக்கிற அம்மா நம்மகைல வந்து சுத்தி கேக்குது!"

ஃபிட்டர் மாமாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. நம் வீட்டுக்கு வந்தால் தம்பியின் தலையில் தட்டிவிட்டு, "இன்னா நைனா, படிக்கிறியா, இல்ல படிக்கிற மாதிரி கீறியா?" என்று கேட்பவர்.

அந்தப் போன்கார அம்மா தயவில் சீனாக்காரரின் வீட்டு விஷயமும் எங்களுக்குத் தெரிந்துபோனது. அவருக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அவர் மனைவியும் அதே மெஷின் கம்பெனியில், அங்கே ஆபீஸில் கணக்குப் பிரிவில் வேலை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தண்ணீர் பாட்டில் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, எங்கள் சாம்பாரையும் அப்பளத்தையும் அவளுக்குக் காட்டிக் காட்டிச் சாப்பிடுவார். இவர் வெளிநாடு வெளிநாடாகப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் போன் சொல்லிற்று: "இதுவே எனது கடைசி வெளிநாட்டுப் பயணம் என்று என் மனைவி ஆணையிட்டுள்ளாள். கணவன் வீட்டில் தங்குவதே இல்லை என்று அலுவலகத்தார் அவளைக் கேலி செய்கின்றனர்."

"ஆணையிட்டா கேட்டுக்கினு போ நைனா. எல்லா ஊட்லயும் அதான் கதை" என்றார் ஃபிட்டர் மாமா.

நிறங்களில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கடையிலிருந்து பால் ஊற்றாத டீ வரவழைத்துக் குடிப்பார். அதைச் "சிவப்புத் தேநீர்" என்பார். "கறுப்பு டீங்க அது, பிளாக் டீ" என்று முதலாளி திருத்துவார். மறுநாளும் அவர் சிவப்புத் தேநீர்தான் கேட்பார். ஒருநாள் நான் கிளாஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கறுப்பைவிடச் சிவப்புதான் அதில் அதிகம் தெரிந்தது.

இன்னொரு நாள் அவர் போனில் பங்கு மார்க்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்க ஒரே சிவப்பு. எட்டிப் பார்த்த முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அடப்பாவமே, எல்லாம் விழுந்துடுச்சா?" என்றார். சீனாக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "இன்று மிக நல்ல நாள். அனைத்தும் ஏறியுள்ளன." அவர்கள் ஊரில் ஏறினால் சிவப்பாம், இறங்கினால் பச்சையாம். முதலாளி தன் போனையும் அவர் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தலைவலி என்று உள்ளே போய்விட்டார்.

மெஷின் பூட்டி முடிந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நாள் பார்த்தாச்சு. பூஜை போட்டுத்தான் ஓட்டணும். சீனாக்காரருக்கு மாலை, சால்வை, தலைப்பாகை, ஒண்ணும் குறையக் கூடாது. ஊருக்குப் போய் நம்மளைப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும். உன் பொறுப்பு."

மாலையும் சால்வையும் பிரச்சினை இல்லை. தலைப்பாகைக்கு என்ன நிறம் என்பதில்தான் நான் ரொம்ப யோசித்தேன். சிவப்பு? எங்கள் ஷெட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் மெஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். என் பரீட்சைப் பேப்பர்கள் முழுக்க வாத்தியார்கள் போட்டு வைத்த நிறமும் அதுதான். ஓட ஆரம்பிக்கிற நாளில் அது எதற்கு? மஞ்சள், வெள்ளை என்று ஃபிட்டர் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எந்தக் கட்சி, இன்னா கூட்டம்னு கேப்பாங்கோ. நமக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?"

அப்புறம்தான் எனக்குப் பச்சை தோன்றியது. தோன்றியதும் இது எப்படி இவ்வளவு நேரம் தோன்றவில்லை என்று என்னையே கடிந்துகொண்டேன். ஒரு காரியம் தொடங்கலாம் என்றால் பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள் என்கிறோம். சிக்னலில் பச்சை விழுந்தால்தான் தொழிற்பேட்டையே நகர்கிறது. மெஷினை ஓட்டுகிற பொத்தான் பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி. பச்சை பிடிக்காத மனிதன் இந்த உலகத்தில் இருப்பானா?

உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவுக்குப் போனேன். எனக்குத் துணி எடுக்கத் தெரியாது என்பது அவள் கருத்து. கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒன்று பாசிபிடித்த பச்சையாம், இன்னொன்று ஆஸ்பத்திரித் திரைச்சீலைப் பச்சையாம். கடைசியில் ஜரிகைக் கரை போட்ட ஒரு கிளிப்பச்சையைக் கண்டுபிடித்தாள். "கட்டினா எப்படி நிக்குதுன்னு பார்க்கணும்" என்று, கடை நடுவில், அத்தனை பேருக்கும் முன்னால், என் தலையிலேயே அதைச் சுற்றிக் கட்டினாள். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"சார் புது மாப்பிள்ளை மாதிரி இருக்காரு மேடம்" என்றார் கடைக்காரர்.

"புது மாப்பிள்ளையா இருந்தப்பவே இப்படி இல்ல. பில்லைப் போடுங்க" என்றாள் உங்கள் அம்மா.

பூஜை நாள் வந்தது. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினோம். பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கொட்டி வாசலில் போட்டு உடைத்தபோது சீனாக்காரர் கைதட்டினார். உள்ளேயிருந்து சிவப்பாகத் தெறித்ததும் இன்னும் பலமாகத் தட்டினார். அப்புறம் முதலாளி மாலை போட்டார். நல்ல கனமான சம்பங்கி மாலை, பால் மாதிரி வெள்ளை. சீனாக்காரர் மாலையைக் குனிந்து பார்த்தார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். மெதுவாகத் தலை வணங்கினார். அவர்கள் ஊரில் வெள்ளைப் பூ சாவு வீட்டுக்கு உரியது என்று எனக்கு அப்போது தெரியாது. தன் சாவுக்கு இத்தனை பேர் சந்தோஷமாக வந்திருக்கிறார்களே என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாக ஏற்றுக்கொண்டார்.

அடுத்தது தலைப்பாகை. முந்தின நாளே கட்டி, ஊசி குத்தி, தாம்பாளத்தில் தயாராக வைத்திருந்தேன். அவருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் தூக்கி அவர் தலையில் வைத்தேன். பின்னாலிருந்து வைத்ததால் அவருக்கு நிறம் தெரியவில்லை. ஏதோ கிரீடம் என்று நினைத்து, கழுத்தை ஆட்டாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். எல்லாரும் கைதட்டினோம். ஃபிட்டர் மாமா படம் எடுத்தார். எடுத்த கையோடு அதைக் குரூப்பில் போட்டும்விட்டார். மெஷின் வேலைக்காக ஒரு குரூப் இருந்தது. அதில் முதலாளி, நான், ஃபிட்டர் மாமா, சீனாக்காரர், அப்புறம் சீனாவில் அவர் கம்பெனி ஆட்கள் ஏகப்பட்ட பேர்.

உடனே போன்கள் மாற்றி மாற்றி மணியடிக்க ஆரம்பித்தன. அத்தனையும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள்.

"பாத்தியா அண்ணாத்தே, சீனாவே சிரிச்சிகினு கீது! நம்ம மரியாத அவ்ளோ சோக்கா கீது!" என்று ஃபிட்டர் மாமா குதித்தார்.

சீனாக்காரரும் சிரித்துக்கொண்டேதான் தன் போனை எடுத்தார். படத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. தலைக்கு மேல் குளவிக்கூடு இருப்பதாக யாரோ சொன்ன மாதிரி, மெதுவாக, மிக மெதுவாக, தலைப்பாகையை இரண்டு கையாலும் எடுத்துக் கீழே கொண்டுவந்து பார்த்தார். எங்கள் மனம் நோகக்கூடாது என்று அதைத் தாம்பாளத்திலேயே பத்திரமாக வைத்தார். பிறகு போனில் என்னவோ சொன்னார். போன் ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தது:

"என் மனைவி மிகவும் நல்லவள்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ரொம்ப சந்தோஷங்க. நாங்க யாரும் இல்லைன்னு சொல்லலையே?" என்றார் முதலாளி.

அதைப் போன் சீனத்தில் சொல்லிற்று. சீனாக்காரர் மறுபடி பேசினார். போன்: "பச்சைத் தொப்பி வேண்டாம். என் மனைவி நல்லவள்."

"தொப்பிக்கும் சம்சாரத்துக்கும் இன்னாபா சம்பந்தம்? ஒருவேள டைட்டா கீதோ?" என்றார் ஃபிட்டர் மாமா.

சீனாக்காரர் ஓரமாகக் கிடந்த காலி மரப்பெட்டி மேல் போய் உட்கார்ந்துவிட்டார். மெஷினை முதலில் ஓட்ட வேண்டியவர் அவர்தான். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல நேரம் போயிட்டே இருக்கு. நீதானே தலைப்பாகை வச்சே, நீயே போய்ப் பேசு" என்றார்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார். அவர் எவ்வளவு தாழ்த்திச் சொன்னாலும் அந்தப் போன்கார அம்மாவுக்குத் தாழ்த்தத் தெரியாது.

பாப்பா, தம்பி, அம்மாவிடம் அனுமதி வாங்கிய இடம் இதுதான்.

"எங்கள் நாட்டில் ஒரு கணவன் பச்சைத் தொப்பி அணிந்துள்ளான் என்றால், அவனுடைய மனைவி வேறு ஓர் ஆணுடன் பழகுகிறாள் என்று பொருள்."

அவர் போனை மறுபடி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என் மனைவி அதே அலுவலகத்தில் பணிபுரிகிறாள். இப்பொழுது அலுவலகத்தார் அவளது மேசையைச் சூழ்ந்து நின்று சிரிப்பதாகக் குழுவில் எழுதுகின்றனர்."

"ஐயய்யோ!" என்றார் ஃபிட்டர் மாமா. போனை எடுத்துப் படத்தை அழிக்கப் பார்த்தார். அந்தக் குரூப்பில் போட்ட உடனே என்றால் எல்லாருக்கும் அழிக்கலாம். நேரம் கடந்துவிட்டால் அழிக்க முடியாதாம். விரலால் அழுத்து அழுத்தென்று அழுத்தினார். "அண்ணாத்தே, என் போன்ல மட்டும்தான் போவுது. அங்க அப்டியே கீது."

அப்போது சீனாக்காரரின் போன் அடித்தது. திரையில் அவர் மனைவியின் படம். அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

எனக்கு அப்போதுதான் விஷயத்தின் முழு வடிவமும் பிடிபட்டது. இவர் இங்கே எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே யாரும் இவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிப்பெல்லாம் அங்கே, அந்தப் பெண்ணைச் சுற்றி. துணியை நான் வைத்தது இவர் தலையில். அது போய் விழுந்தது, எங்கேயோ ஒரு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் மேல். போதாததற்கு இவர் போனையும் எடுக்கவில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்?

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுந்து போய்த் தாம்பாளத்திலிருந்த தலைப்பாகையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். என் தலை அவர் தலையைவிடப் பெரியது. அது ஒரு பக்கமாகச் சரிந்து ஒரு காதை மூடியது. திரும்பி வந்து சீனாக்காரரின் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, அவர் கையிலிருந்த போனைக் காட்டி, "எடுங்க" என்று ஜாடை செய்தேன். அவர் என் தலையைப் பார்த்து வாயைப் பிளந்தார். அந்த அதிர்ச்சியிலேயே பொத்தானை அழுத்திவிட்டார்.

திரையில் அவர் மனைவி தெரிந்தாள். சின்ன முகம், கண்ணாடி போட்ட பெண். பின்னால் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்க்கத் தயாராக இருந்தவள், பெரிய மீசையும் பச்சைத் தலைப்பாகையுமாக என்னைப் பார்த்ததும் சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

ஃபிட்டர் மாமா தன் போனிலும் அந்த மொழிபெயர்ப்பு வசதியை இறக்கி வைத்திருந்தார், சீனாக்காரரைக் கலாய்க்க. இப்போது அதை என் வாய்க்கு நேராக நீட்டினார். "பேசு அண்ணாத்தே. சுருக்கா பேசு."

"அம்மா, வணக்கம். இது மரியாதைக்குக் கட்டறதும்மா. எங்க ஊர்ல பெரிய மனுஷங்களுக்குத்தான் கட்டுவோம். பச்சைன்னா எங்களுக்கு நல்லது. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல. நிறம் என் யோசனைதான்."

போன் அதைச் சொல்லிற்று. அவள் உதடு அப்படியே இருந்தது. இது போதவில்லை என்று எனக்குப் பட்டது. மரியாதையின் கனத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"சும்மா வாங்கின துணி இல்லம்மா இது. என் பொண்டாட்டியே தேடித் தேடி எடுத்தது."

போன் சொல்லி முடித்ததும் அவள் புருவம் மேலே போனது. ஏதோ கேட்டாள். ஃபிட்டர் மாமாவின் போன் கேட்டது: "உங்கள் மனைவியே இதைத் தேர்ந்தெடுத்தாரா?"

"ஆமாம்மா! அவளுக்குப் பச்சைன்னா உயிரு. கடை கடையா ஏறி இறங்கினா. நாலு பேர் முன்னால அவ கையாலயே என் தலையில கட்டிப் பார்த்துட்டுதான் வாங்கினா!"

சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போன் அதைச் சீனத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், பாதி வழியில், நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. திருப்பிப் பிடிக்க முடியுமா? போய்விட்டது.

பின்னால் நின்ற தலைகளில் ஒன்று முதலில் வெடித்தது. அப்புறம் எல்லாரும். ஒரு தடித்த ஆள் சிரிக்க முடியாமல் மேசைக்குக் கீழே போய்விட்டார். அந்தப் பெண் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், கையால் மூடிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து விரலை நீட்டி, புருஷனிடம் வேகமாக ஏதோ சொன்னாள். அதை நாங்கள் மொழிபெயர்க்கவில்லை. சீனாக்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளி சிரித்தார். ஃபிட்டர் மாமா சிரித்துக்கொண்டே என்னைப் படம் எடுத்தார்.

சிரிப்பு இடம் மாறிவிட்டது, கண்ணுங்களா. அவர் தலையிலிருந்து இறங்கி முழுசாக என் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவர் பெட்டியை விட்டு எழுந்தார். "நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று முதலாளி அவசரப்படுத்தினார். வெறுந்தலையோடு விடக் கூடாது என்று ஃபிட்டர் மாமா, கை துடைக்க வைத்திருந்த சிவப்புத் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். "புதுசுதான்பா, கிரீஸ் படல." சீனாக்காரர் அதை நெற்றியில் இழுத்துக் கட்டிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக. அவர்கள் ஊரில் கல்யாணத்துக்குச் சிவப்பு, புது வருஷத்துக்குச் சிவப்பு. நான் வேண்டாம் என்று தள்ளி வைத்த அதே சிவப்பு.

பொத்தானை அழுத்தினார். மெஷின் மூச்சு வாங்கியது, மூடியது, திறந்தது. முதல் பக்கெட் வந்து விழுந்தது.

பச்சை.

நிறம் சேர்க்கிற குருணையை முந்தின நாள் யார் போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பச்சை இருந்திருக்கிறது, பச்சையைப் போட்டிருக்கிறார்கள். ஷெட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீனாக்காரரைப் பார்த்தோம். அவர் அந்தப் பக்கெட்டைக் கையில் எடுத்தார். சூடு ஆறும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் நடந்து வந்தார். மரியாதையாகத் தலை வணங்கி, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, தலைப்பாகைக்கு மேலேயே என் தலையில் வைத்தார்.

"சூப்பர்" என்றார்.

"அண்ணாத்தே, உனுக்கு இது கரீக்டா கீது!" என்று ஃபிட்டர் மாமாவின் குரல் பக்கெட்டுக்கு வெளியே எங்கேயோ கேட்டது.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் பேச்சு முழுக்க நிறங்கள்தான். சீனாக்காரர் சொன்னார், பொறாமைப்பட்டால் அவர்கள் ஊரில் கண் சிவக்குமாம். நம் ஊரில் கண் சிவந்தால் கோபம். பொறாமைக்கு வயிறுதான் எரியும், அதற்கு நிறமே கிடையாது. பாப்பா, உன் புத்தகம் சொல்வது சரிதான். இங்கிலீஷ்காரர்கள் பச்சையாகிறார்கள் என்று முதலாளியும் சொன்னார். மனசு சரியில்லை என்றால் அவர்கள் நீலமாம். கெட்ட பேச்சுக்கு என்ன நிறம் என்று ஃபிட்டர் மாமா கேட்டு வைத்தார். அதற்கு இங்கிலீஷில் நீலம் என்றார் முதலாளி. சீனத்தில் மஞ்சள் என்றது போன். நம் தமிழில் "பச்சை பச்சையாகத் திட்டினான்" என்போம். ஒரே அசிங்கம், மூன்று ஊரில் மூன்று சட்டை போட்டுக்கொண்டு திரிகிறது. தம்பி, அதனால்தான் கண்ணாடி முன்னால் நீ மாறவில்லை. உன் முகம் எந்த பாஷையில் பொறாமைப்படுவது என்று தெரியாமல் நின்றிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் ஃபிட்டர் மாமா சொல்லிவிடுவார், அது இன்னும் மோசமாக இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். பச்சைத் தொப்பியின் அர்த்தத்தைச் சொன்னபோது கை நின்றது.

"அப்ப நான் கடையில வச்சு உங்க தலையில கட்டினேனே, அந்தக் கடைக்காரர் மட்டும் சீனாக்காரரா இருந்திருந்தா என் மானம் என்ன ஆகறது?"

"இல்லையே. நம்ம ஊர்க்காரர்தானே."

"நானே எடுத்துக் கொடுத்தேன்னு வேற சொல்லியிருக்கீங்க. அங்க இருக்கறவங்க எல்லாம் என்னை என்னன்னு நினைச்சிருப்பாங்க?"

சீனாக்காரர் மனைவியைக் காப்பாற்றுகிறேன் என்று என் மனைவியை மாட்டிவிட்டிருக்கிறேன் என்பதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

அவள் குழாயை மூடினாள். "அந்தப் பொண்ணு கடைசியில சிரிச்சாளா?"

"கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுச் சிரிச்சா."

"புருஷனோட பேசினாளா?"

"பேசினா."

"அப்ப சரி. நினைக்கறவங்க நினைச்சுட்டுப் போகட்டும். சீனாவுல என்ன, எனக்கு நாத்தனாரா உட்கார்ந்திருக்கா?" என்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உங்கள் இரண்டு பேரையும் டியூஷனிலிருந்து கூட்டி வரக் கிளம்பினாள். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்து, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

வீட்டில் நான் மட்டும் இருந்தேன். போனை எடுத்து அந்தக் குரூப்பைத் திறந்தேன். சீனாக்காரர் பச்சைத் தலைப்பாகையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற படம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அந்த மஞ்சள் மூஞ்சிகள். நாளைக்கு அங்கே வேலைக்கு வருகிற யாராவது திறந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஃபிட்டர் மாமா எனக்குத் தனியாக அனுப்பியிருந்த என் படத்தைத் தேடினேன். ஒரு காதை மூடிய தலைப்பாகை, திறந்த வாய். குரூப்பில் நான் எது அனுப்பினாலும் என் பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற சின்ன வட்டத்தில் எப்படி ஒரு படத்தைப் போடுவது என்று எனக்குத் தெரியாது. இரண்டு தடவை தவறான இடத்தில் அழுத்தி, ஒருமுறை யாருக்கோ போன் போய், கடைசியில் வழி கண்டுபிடித்தேன். வட்டத்துக்குள் பச்சை முழுசாகத் தெரிகிற மாதிரி இழுத்து வைத்தேன். பிறகு குரூப்புக்குத் திரும்பிப் போய், அவருடைய படத்துக்கும் அந்த மூஞ்சிகளுக்கும் எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியாக, என் முகம் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக, "வணக்கம்" என்று ஒரு வார்த்தை அடித்து அனுப்பினேன்.